அப்பாவின் குறட்டையும் என் பல்செட்டும்

போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு சின்ன இரும்பு உரல் அகப்பட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. பேத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலக்காய் தட்டுறதா தாத்தா?" என்று கேட்டாள். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வெற்றிலை இடிக்கிற உரல். பல் போன கிழவர் கிழவிகள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் அதில் போட்டு இடித்து, அந்த விழுதை வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது.

பல் விழுந்தால் பல் கட்ட வேண்டும் என்ற எண்ணமே அந்தக் காலத்தில் யாருக்கும் வந்ததில்லை. உரல் வந்தது, சாதம் குழைந்தது, முறுக்கு நின்றது. அவ்வளவுதான். "பல்லு போனா சொல்லு போச்சு" என்பார்கள். பல்லோடு வேறு என்ன போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கே அது எழுபதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நானும்தான். ஆனால் அந்த வெற்றிலையோடு சேர்ந்த சீவலும் புகையிலையும் நம் ஊர் வாய்களுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். பாக்கின் கடினத்தில் பல் தேயும். ஈறு இறங்கும். வேர் ஆட்டம் கொடுக்கும். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அறிவித்தது. அதற்குள் நம் தாத்தா தலைமுறை முழுக்க மென்று முடித்திருந்தது.

இதே தஞ்சாவூரில் 200 வருஷங்களுக்கு முன்னால் இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று வைத்திய சாலை நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படம் வரைந்து குறித்து வைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை. பல்லுக்கோ எங்கள் வீட்டில் ஆலங்குச்சி, வேலங்குச்சி, பிறகு கோபால் பல்பொடி. ஆட ஆரம்பித்தால் நூல் கட்டி இழுப்பது. அதற்குமேல் வைத்தியம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்செட் கட்டியவர் பெரியப்பா. 1958 இருக்கும், எனக்கு ஏழு வயது. மெட்ராஸுக்குப் போய், பூக்கடையை ஒட்டிய ஈவினிங் பஜார் பக்கம் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் கட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு வைப்பார். நாங்கள் பயந்துகொண்டே போய் எட்டிப் பார்ப்போம். கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் அது வாய்க்குப் போகும். சாப்பிடும்போது கழற்றி மடியில் முடிந்துகொள்வார்!

அந்தச் சீன வைத்தியர்களின் கதை தனிக் கதை. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து கிளம்பி, பல் கட்டும் தொழிலைக் குடும்பத் தொழிலாகக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊர்ப் பட்டணங்களில் வந்து உட்கார்ந்தவர்கள். காலேஜில் படித்த படிப்பு இல்லை; அப்பனிடம் மகன் கற்றுக்கொண்டது. இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியையே டாக்டர் ரஃபியுதீன் அகமது என்பவர் 1920-ல்தான் கல்கத்தாவில் தொடங்கினார். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். பெரியப்பாவின் பல்லுக்கு அந்த அளவுக்காவது சட்டத்தில் இடம் இருந்தது. 1962-ல் சீனாவோடு சண்டை வந்தபோது வடகிழக்கிலும் வங்காளத்திலும் இருந்த சீனர்கள் ஆயிரக்கணக்கானோரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுப் பெரியப்பா, "நம்ம டாக்டர் என்ன ஆனாரோ" என்று கவலைப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

நம் மாநிலத்தில் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து பல் மருத்துவப் பிரிவு வந்தது. தஞ்சாவூருக்கு மருத்துவக் கல்லூரி 1959-ல். கொள்ளிடம் தாண்டி அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-ல். அதற்குப் பிறகுதான் நம் சின்ன ஊர்களிலும் பல் டாக்டர் போர்டுகள் தொங்க ஆரம்பித்தன. பல் கட்டும் பொருளும் மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில் பல்செட் செய்தார்கள். 1930-களின் கடைசியில் அக்ரிலிக் வந்து அதைத் தள்ளிவிட்டது. 1965-ல் ஸ்வீடனில் பிரானெமார்க் என்பவர் டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பதித்து அதன்மேல் பல்லை நிறுத்திக் காட்டினார். இன்று இம்ப்ளாண்ட் என்று சொல்வது அதுதான்.

இனி அப்பா.

அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. தடித்த கழுத்து, வாய் நிறைய வெற்றிலை, ஐம்பது வயதில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. திண்ணையில் படுத்தாரென்றால் அவர் குறட்டை நாலு வீடு தள்ளிக் கேட்கும். "உழைக்கிற உடம்பு, அசந்து தூங்குது" என்பார்கள். கம்பர் பிறந்த தேரழுந்தூர் எங்களுக்குத் தூரமில்லை. கும்பகர்ணன் தூக்கத்தைக் கேட்டு ரசித்த ஜனங்கள் நாங்கள். குறட்டை என்றால் பலம் என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

ஆனால் அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நிற்கும். பக்கத்தில் படுத்திருக்கும் நான் விழித்துக்கொள்வேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். இருபதுகூடத் தாண்டும். பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி "ஹக்" என்று ஒரு பெரிய மூச்சு. மறுபடியும் குறட்டை. பகலில் மில்லில் பேரேட்டின் மேலேயே தலை சாய்ந்துவிடும். முதலாளி சிரித்துக்கொண்டே மேஜையைத் தட்டுவார்.

1976 தை மாசம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடிகாலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. 58 வயது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "தூக்கத்திலேயே போயிட்டார், புண்ணியவான்." அம்மாவும் அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டார். நானும் 40 வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2017-ல் எனக்குக் கடைவாய்ப் பல் நாலு போய், அதற்குக் கழற்றி மாட்டும் பல் கட்டலாம் என்று தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயது இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பல்லைப் பற்றிக் கேட்பார் என்று இருந்தால், "சார், ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்திருந்த என் மனைவி, "ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா, நடுவுல மூச்சே நின்னு போகுதே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

முன்பற்களின் நுனி தேய்ந்திருக்கிறது, நாக்கின் ஓரத்தில் பல் அச்சு இருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, தொண்டை வாசல் குறுகல் என்று அவர் அடுக்கினார். உடனே பல் கட்டவில்லை. நெஞ்சு நோய் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். முடிவு: மணிக்கு 24 தடவை மூச்சு தடைப்படுகிறது. ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்குமேல் தீவிரம் என்று கணக்கு. ஒவ்வொரு தடையும் பத்து விநாடியாவது இருந்தால்தான் எண்ணிக்கையில் சேர்ப்பார்களாம். நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் குப்பை கொட்டியவன். எனக்குப் புரிந்தது இப்படித்தான்: மண் இளகினால் வாய்க்கால் கரை உள்ளே சரியும், தண்ணீர் போக வழி இருக்காது. தூங்கும்போது தொண்டைத் தசை இளகுகிறது, நாக்கு பின்னால் சரிகிறது, காற்று அடைபடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை நம்மை ஒரு கணம் எழுப்பி விடுகிறது. ராத்திரி பூராவும் இதே வேலை. காலையில் நமக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைக்கும், பகலில் கண் சொக்கும்.

இந்த வியாதிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1836-ல் ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் தன் பிக்விக் கதையில் ஜோ என்று ஒரு குண்டுப் பையனைக் கொண்டுவந்தார். நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் குறட்டை. ஜனங்கள் சிரித்தார்கள். 1956-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு மூச்சு நோய்க்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். 1965-ல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குகிறவர்களின் மூச்சைக் கருவியில் பதிவுசெய்து பார்த்தபோதுதான், அது தூக்கத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறது என்பது தெளிவாயிற்று. 1981-ல் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் வழியை வெளியிட்டார். அந்த மெஷினுக்குத்தான் சிபேப் என்று பெயர். அப்பா இறந்தது 1976. அன்று உலகத்தில் எங்குமே அந்த மெஷின் இல்லை. இதை அறிந்தபோது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகத்தான் இருந்தது.

நானும் மெஷின் வாங்கினேன். ஒரு வருஷம் நன்றாகத் தூங்கினேன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறியது. தென்னை போச்சு, ஓடு போச்சு, மின்கம்பம் ஒன்று மிச்சமில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 18 நாள் ஆயிற்று. மெஷின் மூலையில் கிடந்தது. அந்த 18 ராத்திரியும் என் மனைவி பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு நிற்கும்போதெல்லாம் விசிறிக் காம்பால் என்னைத் தட்டுவாள். சின்ன வயதில் திண்ணையில் நான் எண்ணிய எண்ணிக்கையை இப்போது அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பாவை நான் ஒரு தடவையும் தட்டி எழுப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் பல் டாக்டரிடமே போய்ச் சொன்னேன். அவர்தான் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவியைப் பற்றிச் சொன்னார். தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டை திறக்கும். இந்த யோசனை புதிதல்ல. பிரான்சில் பியர் ரோபன் என்ற டாக்டர் 1902-லேயே நாக்கு பின்னால் விழும் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கருவி செய்திருக்கிறார். லேசான, நடுத்தரமான தடைக்கும், மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது உதவும். தீவிரமானவர்களுக்கு இன்றும் மெஷின்தான் முதல் வைத்தியம்.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "சார், இந்தக் கருவி பல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். உங்களுக்கு இன்னும் போதுமான பல் இருக்கு. இதே மாதிரி விட்டிருந்தீங்கன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு இதை மாட்ட இடமே இருந்திருக்காது."

பல் எல்லாம் போனவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. தாங்க ஆள் இல்லாமல் தாடையின் உயரம் குறைகிறது, நாக்கு அகலப் பரவுகிறது, மூச்சு வழி இன்னும் குறுகுகிறது. அதைச் சரிசெய்யும் கருவியை மாட்டவும் பல் இல்லை. அவர்களுக்கு நாக்கை மட்டும் முன்னால் பிடித்து வைக்கும் வேறு கருவி உண்டு. இம்ப்ளாண்ட் பதித்து அதில் பொருத்துவதும் உண்டு. செலவும் சிரமமும் ஜாஸ்தி.

எனக்கு முதலில் ஈறு சுத்தம் செய்தார். பிறகு அச்சு எடுத்துக் கருவி செய்து, மூன்று மாசம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினார். முதலில் எச்சில் ஊறியது, காலையில் தாடை வலித்தது, கடி மாறினாற்போல் இருந்தது. பழகிவிட்டது. மறுபடியும் பரிசோதித்ததில் 24 என்பது 9 ஆகியிருந்தது. பகலில் பேப்பரை முழுசாகப் படிக்கிறேன்.

பல்செட் போட்டவர்கள் ராத்திரி கழற்ற வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2006-ல் இத்தாலியில் பல்லே இல்லாத நோயாளிகளைச் சோதித்ததில், பல்செட்டோடு தூங்கிய ராத்திரியில் மூச்சுத்தடை குறைவாக இருந்தது. வேறு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. 2015-ல் ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைப் பார்த்ததில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. ஆகையால் குறட்டையும் பல்செட்டும் சேர்ந்து இருப்பவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். கடையில் ரெடிமேடாக விற்கும் குறட்டைக் கருவியை வாங்கி மாட்டாதீர்கள்.

அப்பாவுக்கு இதே நோய்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. பார்த்த டாக்டரும் இல்லை, பதிந்த ஏடும் இல்லை. ஆனால் "புண்ணியவான்" என்ற வார்த்தையை இப்போது நான் சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு நடுவில் நிறுத்தினால், சிரிக்காமல் எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் காலையில் அவரிடம் சொல்லுங்கள். பல் ஆடுகிறது என்றால் விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். உரலைத் தேய்த்துக் கழுவிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதில் ஏலக்காய்தான் தட்டுகிறாள்.