மிச்சிலோட்டு மாதவன்: யார் நம்ம ஆள்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதவனைப் பற்றி நான் பேசி முடித்ததும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தோழர், வெள்ளைக்காரன் இங்க நம்ம கழுத்து மேல உக்காந்திருந்தப்ப, இவரு போய் பிரெஞ்சுக்காரனுக்காக எதுக்கு சாகணும்?" கேள்வியில் கேலி இல்லை. அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

மிச்சிலோட்டு மாதவன் 1914-இல் மாஹியில் பிறந்தவர். மாஹி கேரளக் கரையில் இருந்தாலும் ஆட்சி புதுச்சேரியிலிருந்துதான் நடந்தது. படிப்புக்கும் அரசியலுக்கும் அவருக்குப் புதுவையே வாசல். அது வ. சுப்பையா 'சுதந்திரம்' நடத்திய புதுவை; ஹரிஜன சேவா சங்கம் இயங்கிய புதுவை; 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்ற புதுவை. அந்தச் சூழலிலிருந்து 1937-இல் மேற்படிப்புக்குப் பாரிஸ் போன மாதவன், அங்கே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1940 ஜூனில் நாஜிப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. மாதவன் தலைமறைவு இயக்கத்தில் இருந்தார்.

1942 மார்ச்சில் அவரைப் பிடித்தது ஜெர்மானியர் அல்ல, கம்யூனிஸ்ட் வேட்டைக்கென்றே இருந்த பிரெஞ்சுப் போலீஸின் சிறப்புப் பிரிவு. அவர்கள்தான் அவரை ஜெர்மானியரிடம் ஒப்படைத்தார்கள். ரோமென்வில் கோட்டையில் பிணைக்கைதியாக வைக்கப்பட்டார். செப்டம்பர் 17 அன்று ஜெர்மன் சிப்பாய்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ரெக்ஸ் திரையரங்கில் குண்டு வெடித்தது. ஆறு மாதமாகச் சிறையில் இருந்தவருக்கு அதில் பங்கிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் பழிவாங்கலாக 21-ஆம் தேதி 116 பேர் சுடப்பட்டார்கள்: போர்தோ அருகே சூழ் முகாமில் 70 பேர், பாரிஸை ஒட்டிய வலேரியன் குன்றில் 46 பேர். அந்த 46 பேரில் மாதவன் ஒருவர். வயது 28.

ஆக, பெரியவரின் கேள்வியிலுள்ள 'பிரெஞ்சுக்காரன்' என்ற சொல்லை முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது. புதுவையில் தொழிலாளியைச் சுட்டதும் பாரிஸில் மாதவனைக் காட்டிக்கொடுத்ததும் ஒரே அரசு எந்திரத்தின் இரண்டு கைகள். மாதவன் செத்தது அந்தப் பிரெஞ்சுக்காரனுக்காக அல்ல, அவனையும் எதிர்த்துத்தான்.

இரண்டாவது சங்கதி இன்னும் சிக்கலானது. மாஹிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தலச்சேரி. அங்கே பிறந்த ஏ.சி.என். நம்பியார் பெர்லினில் பத்திரிகையாளராக இருந்தபோது 1933-இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு வெளியேற்றப்பட்டவர், இடதுசாரி. அதே நம்பியார்தான் பிற்பாடு பெர்லினில் சுபாஷ் போஸின் சுதந்திர இந்திய மையத்தில் சேர்ந்து, 1943 பிப்ரவரியில் போஸ் கிளம்பியபின் அதன் பொறுப்பையும் ஏற்றார். அந்த ஆண்டிலேயே, போர்க்கைதிகளைக் கொண்டு திரட்டப்பட்ட இந்தியப் படையணி போர்தோ அருகே லக்கனோ கடற்கரையில் நாஜிகளுக்காகக் காவல் நின்றது. சூழ் முகாமில் 70 பேர் சுடப்பட்ட அதே வட்டாரம்!

நான் நம்பியாரைத் துரோகி என்று சொல்ல வரவில்லை. 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்பது காலனிய அடிமைக்குத் தெரிந்த ஒரு கணக்கு. நான் கேட்பது வேறு: நம் தேசியக் கதையாடல் ஏன் இந்த ஒரு கணக்கை மட்டும் வீரம் என்று பதிவு செய்கிறது? அந்தக் கணக்கில் ஜெர்மனியின் யூதருக்கு, ஜிப்சிக்கு, தொழிலாளிக்கு இடமே கிடையாது. மாதவன் போட்டது வேறு கணக்கு. எதிரி என்பது ஒரு நாடல்ல, ஓர் உறவு. அது லண்டனிலும் இருக்கும், பெர்லினிலும் இருக்கும், புதுவை ஆலை வாசலிலும் இருக்கும்.

இடதுசாரிகளாகிய நமக்கும் இதில் சங்கடம் உண்டு. மாதவன் சுடப்பட்டது 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்துக்கு ஆறு வாரம் கழித்து. கட்சி அப்போது 'மக்கள் யுத்தம்' என்று சொல்லி அந்தப் போராட்டத்தை எதிர்த்தது. அந்த நிலைப்பாட்டுக்கு நியாயம் கற்பிக்க மாதவனின் சாவைக் கேடயமாகப் பிடிப்பதும் அவரை இன்னொரு முறை பிணைக்கைதி ஆக்குவதுதான். ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றதும் பிரிட்டிஷ் இந்தியாவில் போராட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றதும் ஒன்றாகிவிடாது.

கடைசியாக, இந்தப் பிரதியின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண். மாதவனின் காதலி ஜிசேல் மொலே. அவரும் கைதாகி, 1943 ஜனவரி 24 அன்று 230 பெண்களோடு ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். அதில் திரும்பியவர்கள் 49 பேர். ஜிசேல் திரும்பவில்லை. மாதவனைத் தேசம் மறந்தது என்று குறைபட்டுக்கொள்ளும் நாமும், ஜிசேலை 'மாதவனின் காதலி' என்ற ஒற்றை வரியோடுதான் நிறுத்திக்கொள்கிறோம். இதோ, நானும்.

பெரியவருக்கு இப்போது இப்படிச் சொல்வேன்: தோழர், 'நம்ம ஆள்' யார் என்று முடிவு பண்ணிவிட்டுச் செத்தவர் இல்லை அவர். செத்ததன் மூலம் 'நாம்' என்பதன் எல்லையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டவர். நாம் அங்கே போய் நிற்கிறோமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.