சின்னக் காரின் விலைச்சீட்டு: ஆவடி முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நாடு சோஷலிச பாணி சமுதாயத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்று தீர்மானித்தது. யு. என். தேபர் தலைமை தாங்கினார். மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தீர்மானத்தில் காரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நடுத்தரக் குடும்பம் எந்தக் காரை, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு காத்திருந்து வாங்கும் என்பதை முடிவு செய்த பொருளாதாரக் கொள்கைக்கு ஆவடியின் பெயரே அடையாளமாயிற்று.

எல்லாப் பழியையும் ஆவடியின் மேல் போடுவது சரியல்ல. கட்டுப்பாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்கும் கம்பெனிகள் வேண்டாம், உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் போதும் என்று 1953-இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் சந்தை மூன்று பேர் கைக்குப் போனது: கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட்.

சென்னைக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் சொந்த ஊர் வண்டி. வண்டலூரை ஒட்டிய தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. 948 சிசி எஞ்சின். முதலில் இரண்டு கதவு, பிற்பாடு நான்கு. இந்துஸ்தானின் அம்பாசிடரையும் பிரீமியரின் ஃபியட்டையும்விடச் சிறியது, பார்வைக்கு லட்சணமானது. 1972-இல் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது. எழுபதுகள் முடிவதற்குள் கம்பெனி கார் தயாரிப்பதை நிறுத்தியது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்து, சில ஆண்டுகளிலேயே முழுவதுமாக மூடப்பட்டது.

அந்தக் காலத்தில் விலையை ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. 1959-இன் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை, யாருக்கு எந்த வரிசையில் கார் போக வேண்டும் என்பதை வகுத்தது. புதுக் காரை வாங்கியவர் குறிப்பிட்ட காலம் வரை விற்கவும் தடை இருந்தது. 1969-இல் மத்திய அரசு கார் விலையைச் சட்டப்படி நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு காருக்கு நியாயமான விலை என்ன, அதில் லாபம் எவ்வளவு என்று நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த விசித்திரம் நடந்தது. 1971-இல் தீர்ப்பு வந்தது. எழுபதுகளின் நடுவில் விலைக் கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் க்யூ குறையவில்லை. பட்டியல் விலை ஒன்று, கைக்குக் கை மாறும் ‘ஆன் மணி’ வேறொன்று. அன்றைய காரின் உண்மையான மதிப்பு எஞ்சினைவிட டெலிவரி தேதியில்தான் இருந்தது.

இதே காலத்தில் சென்னையின் மேற்குப் புறநகர் காரைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் செய்யக் கற்றுக்கொண்டது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸும் டன்லப் டயர் தொழிற்சாலையும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவையும் வந்தன. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும் பெருகின. டாங்கி, சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் இங்கே கிடைத்தன. இந்தப் பகுதியில் முழுக் கார் ஒன்று மட்டும் உருவாகவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800-இன் முதல் சாவி கைமாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், விலை 50,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 10,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இங்கும் க்யூதான், இங்கும் ஆன் மணிதான். ஆனால் ஒரு மாற்றம் வந்தது. மைலேஜ் எவ்வளவு, ஸ்பேர் கிடைக்குமா, ஐந்து வருடம் ஓட்டி விற்றால் என்ன தேறும் என்ற மூன்று கேள்விகளை வீட்டுக்கு வீடு பழக்கியது மாருதி. ரீசேல் மதிப்பைப் பார்த்துப் புது வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இந்தக் காலத்தில்தான் பரவியது.

கார் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 1993-இல் ஆனது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் தென்கொரியாவின் ஹூண்டாய் இடம் பிடித்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. ஆரம்ப விலை சுமார் 3 லட்சம். கொரியாவில் ‘ஆட்டோஸ்’ என்ற பெயரில் விற்ற வண்டியை இந்தியாவுக்காக மாற்றியிருந்தார்கள். கூரை உயரமாக இருந்ததால் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு, வேட்டி கட்டியவர் குனியாமல் இறங்கலாம், முதியவர்கள் முட்டியை மடக்க வேண்டாம் என்பது புரிந்தது. அடுத்த சில மாதங்களுக்குள் டேவூவின் மேடிஸும் டாடாவின் இண்டிகாவும் வந்தன.

விலை ஒப்பீடு என்பது உண்மையில் அன்றுதான் பிறந்தது. மாருதி 800 விலை குறைவு, ஸ்பேர் மலிவு, எந்தத் தெருமுனை மெக்கானிக்குக்கும் கைவந்த வண்டி. சான்ட்ரோவில் 999 சிசி எஞ்சின், கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ, ஏசி போட்டாலும் திணறாத இழுவை. இண்டிகா இடவசதியும் டீசலும் தந்தது. எஞ்சின், இடம், எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: உதிரி பாகத் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது எந்த வண்டியில் எந்தக் கம்பெனி சரக்கு என்று சொல்வார்.

மேடிஸ் கற்றுத் தந்த பாடம் வேறு. நல்ல சின்னக் கார் என்று பலரும் ஒப்புக்கொண்ட வண்டி அது. ஆனால் தாய்க் கம்பெனி கொரியாவில் நொடித்துப் போக, இந்திய ஆலையும் ஓய்ந்தது. கைவசம் இருந்த வண்டிகளின் மறுவிற்பனை மதிப்பு கரைந்தது. மறைமலைநகரில் ஃபிகோ தயாரித்த ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும் இதே கவலை திரும்பி வந்தது. கம்பெனி நிலைக்குமா என்பது விலைச்சீட்டில் அச்சாகாத ஒரு வரி.

சின்னக் கார் என்றால் எது என்பதை அரசாங்கம் 2006 பட்ஜெட்டில் அளந்து சொன்னது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் அல்லது டீசல் 1,500 சிசிக்குள். இதற்குள் வந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம். எட்டு சதவீத வித்தியாசத்துக்காகக் கார்களின் உருவமே மாறியது. டிக்கியை வெட்டிச் சுருக்கிய செடான்கள் வந்தன. 2012-இல் மாருதி டிசையர் 3,995 மில்லிமீட்டராகக் குட்டையானது. இருங்காட்டுக்கோட்டையில் 2014-இல் பிறந்த எக்ஸென்ட்டும் அதே 3,995. ஷோரூமில் பெட்டி வைத்துப் பார்த்து டிக்கி போதவில்லை என்று குறைப்பட்டவர்களுக்கு அது வரிச் சட்டம் வெட்டிய டிக்கி என்று தெரிந்திருக்காது.

இன்று வாங்குபவர் கையில் கிடைக்கும் கொட்டேஷன் தாளில் முதல் வரி எக்ஸ்-ஷோரூம் விலை. அடுத்து ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். அதற்கும் கீழே மேட், மட்ஃபிளாப், சீட் கவர் அடங்கிய ‘கிட்’, கூடுதல் வாரன்டி. ஆயுள் வரியில் பேரம் கிடையாது. இன்சூரன்ஸிலும் கிட்டிலும்தான் ஒரு டீலருக்கும் இன்னொரு டீலருக்கும் வித்தியாசம் ஒளிந்திருக்கும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானதால் அந்த வரி இன்னும் கனத்தது. ஆனால் பாலிசியை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

தமிழ்நாடு 2023 நவம்பரில் ஆயுள் வரியைத் திருத்தியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் படிக்கட்டு ஏறும் இடம் கவனிக்கத்தக்கது. 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. டாப் எண்ட் மாடலில் ஒரு கலர் ஆசைக்காக 6,000 ரூபாய் கூட்டினால் வரியில் 51,030 ரூபாய் கூடும்.

ஆவடியில் இன்னொரு விலையும் உண்டு. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் என்று பாதுகாப்புத் துறையோடு பிணைந்த ஊர் இது. ராணுவ கேன்டீன் அமைப்பான சிஎஸ்டி வழியாக, தகுதியுள்ளவர்கள் ஜிஎஸ்டியில் பாதிச் சலுகையோடு கார் வாங்கலாம். பதவிக்கேற்ற விலை வரம்பும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற விதியும் உண்டு. ஒரே தெருவில், ஒரே மாடலுக்கு, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு விலை. புது வண்டியைக் காட்டி “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டால், பதிலுக்கு முன் “கேன்டீனா, வெளியிலா?” என்ற கேள்வி வரும் ஊர் இது.

மதிப்பின் அளவுகோல் கடைசியாகப் பாதுகாப்புக்கு நகர்ந்தது. 2014-இல் குளோபல் என்சிஏபி என்ற சோதனை அமைப்பு மோதிப் பார்த்த இந்தியச் சின்னக் கார்கள் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. மாருதி ஆல்டோ 800-ம் ஹூண்டாய் ஐ10-ம் அதில் அடக்கம். ஓட்டுநர் ஏர்பேக், ஏபிஎஸ், பிறகு முன்னால் இரண்டு ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகக் கட்டாயமாயின. 2020-இல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி சேர்ந்தது. விலை ஏறியது, மூன்று லட்சத்துக்குக் கார் என்ற பேச்சு முடிந்தது. மாருதி 800 அதற்கு முன்பே விடைபெற்றிருந்தது. பிஎஸ்-4 விதியால் 2010-இல் சென்னையில் அதன் விற்பனை நின்றது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் ஒரு சதவீத செஸ்ஸும். 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 சதவீதமாகி, செஸ் எடுக்கப்பட்டது. வரிக்கு முன் 4 லட்சம் மதிப்புள்ள கார் 5,16,000-இலிருந்து 4,72,000-க்கு இறங்கியது. 5 லட்சக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் ஆயுள் வரியும் 13-லிருந்து 12 சதவீதமாகி, 67,080 ரூபாய்க்குப் பதில் 56,640. இரண்டும் சேர்ந்து மிச்சம் 54,440 ரூபாய். நான்கு மீட்டர், 1,200 சிசி என்ற 2006-இன் பெட்ரோல் அளவு மட்டும் மாறாமல் இருக்கிறது.