பிரைஸ்

விண்ட்சர் கோட்டையில் ஒரு புலித்தலை இருக்கிறது. மரத்தின் மேல் தங்கத்தகடு, பற்களும் கண்களும் படிகம். திப்புவின் அரியணையிலிருந்து பெயர்த்தது. கம்பெனி 1831இல் நான்காம் வில்லியத்துக்குப் பரிசளித்ததாக உடைமை வரலாறு சொல்கிறது. யார் வீட்டுச் சாமானை யார் பரிசளிப்பது?

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் விழுந்ததும் அரியணையை உடைத்துப் பங்கு போட்டார்கள். அந்தக் கொள்ளைக்கு அவர்களுடைய சொல் 'பிரைஸ்'. பள்ளிக்கூடத்தில் கைதட்டலோடு நாம் வாங்கினோமே, அதே சொல்தான். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு தளபதி ஹாரிஸுக்கு. சென்னைப் படைச் சிப்பாய்க்கு, அதாவது நம்ம ஆளுக்கு, வெள்ளைச் சிப்பாயைவிடக் குறைவு.

அந்த மார்ச்சில் படை போனது ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக. ஓசூர் சிப்காட்டுக்கு நான் ஷிப்ட் போகிற பஸ்ஸும் அந்த வழிதான். எங்க ஷெட்டில் ஒரே மிஷின். பர்மனென்ட் ஆளுக்கு ஒரு கூலி, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு.