ஜீப்பின் உயரம்

போர்க்களத்திற்கென 1941-இல் அமெரிக்காவில் உருப்பெற்ற வில்லிஸ் ஜீப்பு, 1947-இல் மகிந்திரா நிறுவனத்தின் வாயிலாக நம் நாட்டிற்கு வந்தது. பாறையில் அடி தட்டாதிருக்க, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டியும், அவற்றை அச்சின் மேலாக மாற்றி அமைத்தும் வண்டியை உயர்த்தும் வழக்கம் பின்னர்த் தோன்றிற்று.

நேயர்களே, இங்கு நாம் ஒன்றை மறத்தலாகாது. பட்டையால் உயர்வது வண்டியின் உடல் மட்டுமே; அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூட்டை உயர்த்துவது பெரிய டயரே. அதற்கு இடமளிப்பதே இவ்வேலையின் மெய்ப்பயன். உயரம் கூடுந்தோறும் வளைவில் கவிழும் அச்சமும் கூடும். சுழல்தண்டின் கோணம் மாறும். பிரேக் குழாய் நீளம் போதாது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாதென உச்ச நீதிமன்றமும் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, மலைப்புறங்களில் வாழும் நம்மவர் டயரை அளந்து, பதிவு அலுவலகத்தை உசாவி, பிறகே பட்டையைத் தொடுதல் நலம்.