இரண்டு மேஷங்கள்

பங்குனி மாதம் 22-ஆம் தேதி, அதாவது ஏப்ரல் 5-ஆம் தேதி, பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஜோதிடப் பக்கத்தைப் புரட்டினால், அவர் மேஷக்காரர் என்று அது அடித்துச் சொல்லும். வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் ஜாதகத்தைப் பிரித்தாலோ, சூரியன் மீனத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்!

நம் வழக்கில் ராசி என்றால் பிறந்த வேளையில் சந்திரன் நின்ற இடம், மேல்நாட்டார் சொல்வது சூரியன் நின்ற இடம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரே நாள், ஒரே சூரியன். அவனை ஒருவர் மேஷத்தில் வைக்கிறார், இன்னொருவர் மீனத்தில் வைக்கிறார். இது எப்படி நேர்ந்தது?

வான சாஸ்திரிகளைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அவர்கள் மூன்றாவது கணக்கு ஒன்றைக் காட்டுவார்கள். 1930-இல் சர்வதேச வானவியல் சங்கம் நட்சத்திரக் கூட்டங்களுக்கு எல்லைக்கோடு வகுத்து வெளியிட்டது. அதன்படி சூரியன் கடந்து போவது பன்னிரண்டு கூட்டங்களை அல்ல, பதின்மூன்றை. விருச்சிகத்தில் ஒரு வாரம்தான் தங்குகிறான். கன்னியில் ஒன்றரை மாதம். பாம்பைப் பிடித்து நிற்கும் மனிதனாக ஒரு கூட்டம் நடுவே புகுந்துகொள்கிறது. அது வானத்தின் வரைபடம். ஜோதிடரின் ராசி ஒவ்வொன்றும் முப்பது பாகை என்று சமமாக அளந்து போட்ட கட்டம். இரண்டையும் போட்டுக் குழப்பிச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பத்திரிகைகளில் அமளி கிளம்புவதுண்டு. அதை விட்டுவிடுவோம்.

சமமான பன்னிரண்டு கட்டம் போட்டவர்கள் பாபிலோனியர்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது. அவர்கள் கட்டங்களை நட்சத்திரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். நட்சத்திரங்கள்தாம் அசையாதவை என்று எல்லாருமே நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையில் கை வைத்தவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் வானத்தை அளந்துகொண்டிருந்த ஹிப்பார்க்கஸ். அவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாந்திரியாவில் திமோக்காரிஸ் என்பவர் நம்முடைய சித்திரை நட்சத்திரத்தை அளந்து வைத்திருந்தார். இலையுதிர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளிக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் இடையே 8 பாகை என்பது அவர் கணக்கு. ஹிப்பார்க்கஸ் அளந்தபோது 6 பாகைதான் இருந்தது. வேறொருவராயிருந்தால் கிழவர் அளவு தவறு என்று ஒதுக்கியிருப்பார். இவர், அந்தப் புள்ளிதான் நகர்கிறது என்று கண்டார். பூமியின் அச்சு, ஓயப்போகும் பம்பரம்போல் மெல்ல வட்டமிடுவதால் வருவது இது. சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகர்வு. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள்.

இங்கேதான் பாதை பிரிந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் எழுதிய தாலமி, வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் புள்ளிதான் மேஷத்தின் தொடக்கம் என்று விதித்துவிட்டார். பருவம் எங்கே போகிறதோ அங்கே மேஷமும் போகும். மேல்நாட்டு ஜோதிடம் இன்றளவும் அதைத்தான் பின்பற்றுகிறது. நாம் இதைச் சாயனம் என்கிறோம். நட்சத்திரத்தை விடாமல் பிடித்திருக்கும் நம் முறை நிராயனம். தாலமியின் காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு பாகை அளவுதான்; யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். இன்று அது 24 பாகையைத் தாண்டிவிட்டது. இந்த இடைவெளிக்கு நாம் கொடுத்த பெயர்தான் அயனாம்சம்.

நம்மவர்களுக்கு இது தெரியாது என்று எண்ண வேண்டாம். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர், முன்னோர் நூல்களில் சூரியன் தெற்கே திரும்புவது ஆயிலியத்தின் நடுவில் என்றிருப்பதையும், தம் நாளில் அது கடகத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டதையும் பிருகத் சம்ஹிதையில் குறிக்கிறார். ஐயம் இருந்தால் நிழலை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழியும் சொல்கிறார். சூரிய சித்தாந்தம் இந்த நகர்வை ஊஞ்சலாக எண்ணியது. 27 பாகை போய், பிறகு தானே திரும்பிவிடுமாம். திரும்பத்தான் போகிறதே, எதற்குக் கவலை என்று பின்னால் வந்தவர்கள் நிழலை அளப்பதை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பலனை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். தை முதல் நாளை உத்தராயணப் புண்ணிய காலம் என்கிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள். தேவர்களுக்கு வைகறை என்று நாம் கோலமிட்டு விளக்கேற்றும்போது அவர்களுக்கு ஏற்கெனவே பொழுது விடிந்திருக்கும். நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிஷம் நீளம். இந்த 20 நிமிஷம் சேர்ந்து சேர்ந்து, இன்னும் 13,000 ஆண்டில் தைப் பொங்கல் கோடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கரும்புக்கு என்ன செய்வார்களோ!

சரி, நட்சத்திரத்தையே பிடித்துக்கொள்வோம். மேஷம் எந்த இடத்தில் தொடங்குகிறது? வானத்தில் மைல்கல் நட்டு வைக்கவில்லையே. பழைய நூல்படி ரேவதி நட்சத்திரம் மேஷ முனைக்கு மிக அருகில் இருக்கவேண்டும். சித்திரை அதற்கு நேர் எதிரே 180 பாகையில் இருக்கவேண்டும். இரண்டும் ஒருசேர நடவாது. ரேவதியை வைத்தால் ஒரு தொடக்கம், சித்திரையை வைத்தால் ஒரு தொடக்கம். நடுவே கிட்டத்தட்ட 4 பாகை. மகாராஷ்டிரத்தில் இதற்காகக் கட்சி கட்டிக்கொண்டார்கள். ரேவதியின் பக்கம் லோகமான்ய திலகரே நின்றார். சித்திரைக்காக வாதாடினார் வேங்கடேச பாபுஜி கேத்கர்.

சுதந்திரம் வந்த பிறகு வழக்கு சர்க்காரிடம் போயிற்று. 1952-இல் பௌதிக விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைந்தது; கல்கத்தா நிர்மல சந்திர லாஹிரி அதன் காரியதரிசி. தேசத்தில் முப்பது விதமான பஞ்சாங்கங்கள் நடமாடுவதாகச் சொல்லப்பட்டது. சாஹாவுக்குப் பருவத்தைத் தவறவிட்ட பஞ்சாங்கத்தின்மேல் பொறுமை இல்லை. 23 நாள் பிழையைப் புனிதம் என்று கும்பிடுவதா என்பது அவருடைய கட்சி. 1955-இல் அறிக்கை வந்தது. சர்க்கார் காலண்டர் சூரியனின் பருவப்படி; 1957 மார்ச் 22-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மதக் காரியங்களுக்கு மட்டும் நட்சத்திரக் கணக்கு. சித்திரையை அடையாளமாகக் கொண்டு, 1956 மார்ச் 21-இல் அயனாம்சம் 23 பாகை 15 கலை. ஹிப்பார்க்கஸுக்கு நகர்வைக் காட்டிக்கொடுத்த அதே நட்சத்திரத்தை, நகராத முளையாக அடித்துக்கொண்டோம். சாஹா 1956 பிப்ரவரியில் காலமானார். தம் காலண்டர் அமலுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. சர்க்கார் கெஜட்டில் இருக்கிறது அந்தக் காலண்டர். அதைப் பார்த்துக் கல்யாணம் வைத்தவர்களை நான் கண்டதில்லை.

குழு சொன்னதால் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பெங்களூர் பி. வி. ராமன் தமக்கென்று ஓர் அயனாம்சம் வைத்திருந்தார். லாஹிரியுடையதைவிட அது ஏறக்குறைய ஒன்றரை பாகை குறைவு. ஒன்றரை பாகைதானே என்று நினைக்கலாம். பரணியில் பிறந்த குழந்தைக்குச் சுக்கிர தசை இருப்பு, இந்த ஒன்றரை பாகையால் இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பின்னாகும். பிறகு வரும் ஒவ்வொரு தசையும் அவ்வளவு தள்ளிப்போகும். இருபத்தாறில் கல்யாணம் என்று ஒருவர் சொன்னது இன்னொருவர் கணக்கில் இருபத்தெட்டுக்கு மேல் ஆகிவிடும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது எத்தனை இரவுகள்!

கட்டத்தின் கோடு எங்கே என்ற சச்சரவு போதாதென்று, கிரகம் அந்தக் கோட்டைத் தாண்டும் நாளிலும் நமக்கு இரண்டு கட்சி. மனப்பாட வாக்கியங்களால் கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். தற்கால வானவியல் கணக்கைக் கொண்டு கணிப்பது திருக்கணிதம். சனியின் நடை மெதுவாதலால் பழைய வாய்பாட்டின் பிழை அதில் பூதாகாரமாகத் தெரியும். 2023-இல் சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. ஏழரைச் சனி விட்டது என்று மகர ராசிக்குள் ஒருவர் மூச்சுவிட வேண்டாம், இது ஜன்மச் சனி விலகல்தான். ஆனால் தனுசு ராசிக்காரருக்கு முழு விடுதலை ஜனவரியிலா டிசம்பரிலா என்பது பெரிய கேள்வி. பதினோரு மாதம் அவர் எந்தக் கணக்கில் இருந்தார்? திருநள்ளாறு கோவில் வாக்கியத்தைப் பின்பற்றுவது. டிசம்பர் 20-ஆம் தேதிதான் அங்கே பெயர்ச்சி விழா நடந்தது. 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் போகிறான் என்று திருக்கணிதக்காரர்கள் பலன் எழுதியபோதும், இந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை, 2026-இல்தான் என்று கோவிலிலிருந்து அறிவிப்பு வந்தது.