கடுகால் அளந்த கண்

வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன். கரும்பலகையில் நாம் எழுதும் 8, அவன் ஏட்டில் 3 ஆகிவிடும். 6 என்பது 0 ஆகிவிடும். கவனமற்றவன் என்றோம். கடிந்தோம். ‘அவன் தலையெழுத்து அவ்வளவுதான்’ என்றார் அவனைப் பெற்றவர். குறை தலையெழுத்தில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்று நாம் உணர ஓராண்டு ஆயிற்று! மூக்குக்கண்ணாடி வந்தது. ஆனால் அதை அணிந்த பிள்ளை, தலைவலி என்று கழற்றி வைத்தான். கண்ணாடி வந்தும் ஏன் தெளிவு வரவில்லை? அந்தக் கேள்வி நம்மை எழுநூறு ஆண்டுகளுக்கு அப்பால் இட்டுச் சென்றது.

இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரம். 1306ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள். ஜியோர்டானோ என்னும் துறவி மக்களிடையே பேசுகிறார். மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்றும், அதனை முதலில் செய்தவரைத் தாம் கண்டு உரையாடியதாகவும் கூறுகிறார். ஆனால், பெயரை மட்டும் சொல்லவில்லை. பீசா நகர மடத்துக் குறிப்பேடு இன்னொரு செய்தி தருகிறது. முதலில் செய்தவர் அந்த வித்தையைப் பிறருக்குச் சொல்ல மறுத்தாராம். 1313இல் மறைந்த அலெஸ்ஸாண்ட்ரோ டெல்லா ஸ்பீனா என்னும் துறவி, அதைக் கண்டு தாமே செய்து, மகிழ்ந்த நெஞ்சோடு எல்லோருக்கும் வழங்கினாராம். மறைத்தவர் பெயரை வரலாறு மறந்தது. வழங்கியவர் பெயர் இன்றும் வாழ்கிறது.

வெற்றிடம் கண்டால் கட்டுக்கதை குடியேறும் அன்றோ? 1684இல் பிளாரன்ஸ் நகரத்து நூலாசிரியர் ஒருவர், சால்வினோ என்னும் தம்மூர்க்காரரே கண்ணாடியைக் கண்டவர் என்று எழுதினார். கல்லறை வாசகம் ஒன்றையும் சான்றாகக் காட்டினார். நம்பினர் மக்கள். நினைவுக் கல்லும் நாட்டினர். 1920இல்தான் அது புனைவு என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் அம்பலப்படுத்தினார். ஊர்ப்பெருமை உண்மையை ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் மூடி வைத்தது!

சரி, கண்ணாடி பரவியது. அளவு பரவியதா? அதுதான் இல்லை. 1462இல் மிலான் நகரத்து ஆட்சித் தலைவர் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, பிளாரன்சிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வரவழைத்தார். தொலைவு பார்க்க ஒரு டஜன், அருகில் பார்க்க ஒரு டஜன், பொதுவாக ஒரு டஜன்! நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் மகன் இருநூறு கண்ணாடிகள் கேட்டார். வயதை வைத்து அவை வகுக்கப்பட்டிருந்தன. நாற்பதைத் தாண்டியவர்க்கு வரும் வெள்ளெழுத்துக்கு வயது ஓரளவு வழிகாட்டும். ஆனால், கிட்டப்பார்வையுள்ள இளைஞனுக்கு வயது என்ன சொல்லும்? அரசவைக்கே இந்த நிலை என்றால், சந்தையிலே தட்டில் குவித்து விற்றவனிடம் வாங்கிய ஏழையின் நிலை என்ன?

கண்ணாடி ஏன் உதவுகிறது என்பதே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விளங்காமல் இருந்தது. பெரியம்மையால் பார்வை நலிந்த கெப்ளர், 1604இல் அதை விளக்கினார். ஒளி விழித்திரையில் குவிய வேண்டும். முன்னே குவிந்தால் குழி வில்லை, பின்னே விலகினால் குவி வில்லை. இயற்கையின் கணக்கு புலப்பட்டது.

அளவைத் தந்தவர், ஸ்பெயின் நாட்டுச் செவீல் நகரத்துத் தாசா தெ வால்தெஸ். அவர் மருத்துவர் அல்லர். சமய விசாரணை மன்றத்தின் எழுத்தர்! 1623இல் அவர் கண்ணாடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கற்றோர் மட்டுமே அறிந்த இலத்தீனில் அன்று. மக்கள் பேசும் மொழியில். வில்லைகளைப் படிகளாக வகுத்தார். வரிசையாக வைத்த கடுகுகளை எண்ணச் சொல்லி, எந்த வில்லை வேண்டும் என்று கணித்தார். கடுகு! அடுக்களையில் கிடக்கும் அந்தச் சிறு விதை கண்ணை அளக்கும் கருவியாயிற்று.

பின்னர் அளவு நுட்பமாயிற்று. 1801இல் தாமஸ் யங், தம் கண்ணையே ஆராய்ந்து, ஒரு திசையில் ஒரு விதமாகவும் மறு திசையில் வேறு விதமாகவும் ஒளி குவியும் குறையை விளக்கினார். 1825இல் ஜார்ஜ் ஏய்ரி தம் இடக்கண்ணுக்கு உருளை வில்லையை வகுத்துத் திருத்தம் கண்டார். 1862இல் ஸ்நெல்லன் எழுத்துப் பலகையைத் தந்தார். 1872இல் மொனுவாயே ‘டயாப்டர்’ என்னும் அலகை முன்மொழிந்தார். 2 டயாப்டர் குவி வில்லை, தொலைவிலிருந்து வரும் ஒளியை அரை மீட்டரில் குவிக்கும். 4 டயாப்டர், கால் மீட்டரில். அவ்வளவு எளிய கணக்கு.

இனி, நம் மாணவனின் தலைவலிக்கு வருவோம். சீட்டில் எழுதிய 5 டயாப்டர் சரி. வில்லையும் சரி. சட்டத்தில் பொருத்தியதுதான் பிழை! அவன் கண்மணிகளுக்கு இடையே 58 மில்லிமீட்டர். வில்லைகளின் மையங்களுக்கு இடையே 66. ஒவ்வொரு கண்ணும் மையத்தைவிட்டு 4 மில்லிமீட்டர் விலகிப் பார்த்தது. மையம் விலகிய வில்லை முப்பட்டகம் போல் ஒளியை வளைக்கும். எவ்வளவு என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் கண்ணாடி வல்லுநர் பிரென்டிஸ் விதி தந்தார்: விலகலைச் சென்டிமீட்டரில் கொண்டு, டயாப்டரால் பெருக்குக. 0.4 பெருக்கல் 5, 2. அதாவது ஒரு மீட்டர் தொலைவில் ஒவ்வொரு கண்ணுக்கும் 2 சென்டிமீட்டர் இடப்பெயர்ச்சி; அதுவும் எதிரெதிர்த் திசைகளில்! இரண்டு காட்சிகளை ஒன்றாக்கப் பிள்ளையின் கண்கள் நாளெல்லாம் போராடின. பிள்ளை பொய் சொல்லவில்லை.

உருளை வில்லையென்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் அச்சு 30 பாகை திரும்பிவிட்டால், தீர்க்க வந்த குறையின் அளவே குறை மீண்டும் எஞ்சும். அணிந்தும் அணியாததற்கு ஒப்பாகும். வலுவான வில்லையானால், கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளிகூடத் திறனை மாற்றும். ஆகவே, கண்ணாடி பொருத்துவது வெறும் விற்பனையன்று; அளவறிந்தோர் செய்ய வேண்டிய பணி.

58 என்ற அளவில் பொருத்திய புதிய கண்ணாடியோடு அந்தப் பிள்ளை வந்தான். 8 என்று எழுதினோம். அவன் ஏட்டிலும் 8. அன்று நாம் கடிந்த சொற்களை எண்ணி வெட்கினோம்.

பெற்றோரே, ஆசிரியத் தோழர்களே! கரும்பலகையைத் தவறாகப் படிக்கும் பிள்ளையைக் கண்டால், முதலில் அவன் கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள். கண்ணாடி வாங்கும்போது சட்டத்தின் அழகை மட்டும் பாராதீர்கள். ‘கண்மணி இடைவெளியை அளந்தீரா?’ என்று கேளுங்கள். கேட்பதற்கு நாணம் வேண்டாம். ஸ்பீனா மறைக்காமல் வழங்கினார். வால்தெஸ் மக்கள் மொழியில் எழுதினார். அந்த அறிவைக் கேட்டுப் பெறும் கடமை நம்முடையது.