கத்தி பிடித்த கை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் முடிதிருத்திக்கொள்ளும் சலூன்கள் பல உள்ளன. கடை நடத்த உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் முன்னர்த் தனி நகராட்சிகள். 2011-இல் அவை சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. உரிமம் வழங்குவது இன்று மாநகராட்சியின் பொறுப்பு. ஆயினும் அவ்வுரிமம் கடைக்கே உரியது. கத்தி பிடிக்கும் கைக்குத் தேர்வு எதனையும் நம் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

கையையே கண்காணித்த காலமும் வரலாற்றில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, அங்காடிகளை மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்கென ஒரு கையேடு எழுதினார். நாவிதர் கைத்திறன் உடையவராக இருக்க வேண்டும், கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், பணிபுரியும் நாளில் வெங்காயமும் பூண்டும் உண்ணலாகாது என்று அந்நூல் விதிக்கிறது. இங்கிலாந்தில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540-இல் ஒரே சங்கமாகி, 1745-இல் பிரிந்தனர். அமெரிக்காவில் நாவிதருக்கு முதன்முதலாக உரிமச் சட்டம் இயற்றியது மின்னசோட்டா மாநிலம், ஆண்டு 1897.

தமிழகத்திலோ பிறப்பே இத்தொழிலை விதித்தது. புண்ணுக்கு மருந்திட்டவர் நாவிதர். பேறுகாலம் பார்த்தவர் அவர் இல்லத்து மருத்துவச்சி. அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘மருத்துவர்’, ‘நாவிதர்’ என்னும் பெயர்களோடு ‘பிராணோபகாரி’ என்ற பெயரும் காணப்படுகிறது. உயிருக்கு உதவுபவர் என்பது அதன் பொருள். இத்தகைய பெயரைச் சூட்டிய ஊரே அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது.

நாம் மட்டும் விலக்கா? நம் ஊர்கள் பலவற்றில் இத்தொழிலாளரை ‘ஒஸ்தா’ என்பர். ஆசானைக் குறிக்கும் ‘உஸ்தாத்’ என்னும் சொல்லின் திரிபு அது. சுன்னத்துக்குப் பிள்ளையை அவரிடம் நம்பி ஒப்படைத்தோம். அவர் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினோம். தொழுகை அணியில் தோளோடு தோள் நின்றவர்கள், சம்பந்தம் பேசும்போது தொழிலை வினவியது எந்த நீதி?

காலம் மாறி வருகிறது. பயிற்சி நிலையங்களில் கற்றுச் சான்றிதழ் பெற்று, எக்குடியில் பிறந்தவரும், பெண்களும், இத்தொழிலுக்கு வருகின்றனர். குருதிவழி பரவும் நோய்களைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு வேண்டும் என்பது இன்று தொழிலின் பாலபாடம். இவற்றைக் கற்றவரிடம் அவர் கைத்திறனையும் தூய்மையையும் மட்டுமே வினவ வேண்டும். அதே அளவுகோல் நம் நிக்காஹ் பேச்சுகளிலும் இடம்பெறுமாயின், ‘ஒஸ்தா’ என்னும் சொல் தன் பழம்பொருளை மீண்டும் பெறும்.